மலையைத் தூக்கிக்கிட்டு விண்வெளிக்குப் போக முடியுமா?



போன செமஸ்டர்ல மெட்டீரியல்ஸ் பாடத்துக்கு ஒரு அசைன்மென்ட் கொடுத்தாங்க. "விண்கலத்தில் போகும் வீரர்களைக் கதிர்வீச்சிலிருந்து காக்க எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணம் கூறுக." நான் ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கல. எக்ஸ்-ரே ரூம்ல ஈய ஏப்ரன் மாட்டிவிடறாங்களே, அந்த நினைப்புல 'ஈயம்'னு எழுதி, அடர்த்தி, அணு எண் எல்லாம் போட்டு ரெண்டு பக்கம் நிரப்பிட்டேன். திரும்பி வந்த பேப்பர்ல சிவப்பு மையில் ஒரு பெரிய வட்டம். பக்கத்தில் ஒரே ஒரு வரி: "ராக்கெட் யார் தூக்குவது? அதோடு, இது எக்ஸ்-ரே இல்லை."

அந்த வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வேற ஒரு ஞாபகம் வந்தது. என் ஊர் போடி பக்கம். 2015-ல் நான் சின்னப் பையனா இருந்தப்போ ஊர் முழுக்க ஒரே பேச்சு, பொட்டிப்புரம் மலையைக் குடையப் போறாங்கன்னு. எங்க அப்பத்தா திண்ணையில உக்காந்து வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டாங்க: "மலைக்குள்ள என்னமோ வைக்கப் போறாய்ங்களாம்ல, அதுலருந்து கதிர்வீச்சு வருமாம்ல. நீதான் படிக்கிற புள்ளையாச்சே, என்னான்னு சொல்லுய்யா." எனக்கு அப்போ பதில் தெரியல. அசைன்மென்ட்டைத் திருத்தி எழுத உக்காந்தப்பதான் தெரிஞ்சது, ரெண்டு கேள்விக்கும் வேர் ஒண்ணு. மலைக்குள்ள போறவங்களும் சரி, விண்வெளிக்குப் போறவங்களும் சரி, பயப்படறது ஒரே மழைக்குத்தான். அந்த மழை பேரு காஸ்மிக் கதிர்.

மலை எதுக்கு?

இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இடம்: தேனி மாவட்டம் பொட்டிப்புரம், போடி மேற்கு மலையில் இருக்கிற அம்பரப்பர் மலை. திட்டம் இதுதான்: மலை அடிவாரத்திலிருந்து கிட்டத்தட்ட 2 கி.மீ நீளத்துக்குப் படுக்கைவசத்தில் ஒரு சுரங்கப்பாதை. அதன் முடிவில் 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரத்தில் ஒரு குகை. அதுக்குள்ள 50,000 டன் எடையுள்ள, காந்தமாக்கப்பட்ட இரும்புக் கருவி. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் குறைந்தது 1 கி.மீ பாறை மூடியிருக்கணும்.

ஏன் இவ்வளவு பாறை? வானத்துலருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி 'மியூவான்' என்ற துகள்களை உண்டாக்கும். தரைமட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிஷத்துக்குச் சுமார் ஒரு மியூவான் விழுது. உள்ளங்கையை விரிச்சு நீட்டுங்க. அதன் பரப்பு 100 ச.செ.மீ-ன்னு வச்சுக்கிட்டா, இந்தப் பத்தியைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அதன் வழியா ஐம்பது மியூவானாவது போயிருக்கும். இந்த இரைச்சலுக்கு நடுவுல, எதிலும் ஒட்டாமல் போகும் நியூட்ரினோவைத் தேடறது சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கொசு சத்தத்தைக் கேக்கற மாதிரி. 1 கி.மீ பாறை இருந்தால் மியூவான் மழை பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். அதே உள்ளங்கையை மலைக்குள்ள நீட்டினா, ஒரு மியூவான் வர ஏறக்குறைய ஏழு நாள் காத்திருக்கணும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கி.மீ-க்கும் அதிக ஆழத்தில் கருவி வச்சு, 1965-லேயே வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டுபிடிச்சாங்க. உலகத்திலேயே அதை முதலில் கண்டவங்களில் நம்ம ஆட்களும் உண்டு.

ஆக, அந்த மலை ஒரு கவசம். கதிர்வீச்சை உண்டாக்க வச்ச இடம் இல்ல, கதிர்வீச்சிலிருந்து ஒளிஞ்சுக்கத் தேர்ந்தெடுத்த இடம். அப்பத்தா கேள்விக்கு முதல் பாதி பதில் இது. மறுபாதி கடைசியில் வரும்.

கவசத்துக்கு ஒரே அளவுகோல்

கவசம்னு வந்துட்டா பொருளின் தடிமனை செ.மீ-ல் சொல்றது பத்தாது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்குப் பின்னால் எத்தனை கிராம் பொருள் நிக்குதுன்னு பார்க்கணும். தடிமனை அடர்த்தியால் பெருக்கினால் இது கிடைக்கும். பரப்படர்த்தின்னு வச்சுக்கலாம், அலகு, கிராம்/ச.செ.மீ.

இந்த அளவுகோலில் மூணு கவசங்களை ஒப்பிட்டுப் பாருங்க.

நம்ம தலைக்கு மேல இருக்கற காற்று மண்டலம்: சுமார் 1,030 கிராம்/ச.செ.மீ. அதாவது பத்து மீட்டர் ஆழத் தண்ணிக்கு அடியில உக்காந்திருக்கற மாதிரி. நாம தினமும் சும்மா அனுபவிக்கற கவசம் இது.

பொட்டிப்புரம் பாறை: 1 கி.மீ, அடர்த்தி 2.7 என்று எடுத்தால் 2,70,000 கிராம்/ச.செ.மீ.

விண்கலத்தின் சுவர்: இடத்துக்கு இடம் மாறும், பொதுவா சில கிராமிலிருந்து சில பத்து கிராம் வரைக்கும்தான்.

விண்கலத்தில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? ஒரு சின்னக் கணக்கு போடலாம். 4 மீட்டர் விட்டம், 5 மீட்டர் நீளம் உள்ள ஒரு உருளைதான் வீரர்கள் தங்கும் அறைன்னு வச்சுக்குவோம். மொத்த மேற்பரப்பு சுமார் 88 சதுர மீட்டர். அதைச் சுத்தி 20 கிராம்/ச.செ.மீ கவசம் போடணும்னா, சதுர மீட்டருக்கு 200 கிலோ. மொத்தம் 17.6 டன்! நம்ம எல்.வி.எம்-3 ராக்கெட் தாழ்வான புவிச் சுற்றுப்பாதைக்குக் கொண்டு போறதே சுமார் 8 டன்தான். கவசத்தை மட்டும் ஏத்தவே மூணு ராக்கெட் வேணும். இதுல வீரர்களும் இல்ல, என்ஜினும் இல்ல, சாப்பாடும் இல்ல.

அதனால்தான் கேள்வி "எது நல்லாத் தடுக்கும்?" என்பது இல்லை. "ஒரே எடையில் எது அதிகமாத் தடுக்கும்?" என்பதுதான். நான் அசைன்மென்ட்ல கோட்டைவிட்டது இங்கதான்.

மேலிருந்து வர்றது என்ன?

எதிரி யாருன்னு தெரியாம கவசம் செய்ய முடியாது. பூமியை விட்டுத் தள்ளிப் போனா முக்கியமா மூணு பேர்.

ஒண்ணு, பூமியைச் சுத்தி காந்தப்புலம் பிடிச்சு வச்சிருக்கற துகள்கள். வான் ஆலன் பட்டைகள்னு பேரு. இதை வேகமாகக் கடந்துட்டா பெரிய சேதம் இல்லை.

ரெண்டாவது, சூரியப் புயல். சூரியன் சில நேரம் திடீர்னு புரோட்டான்களைக் கொட்டும். சில மணி நேரம், சில நாள். அளவு ரொம்ப அதிகம், ஆனா பெரும்பாலான புரோட்டான்களின் ஆற்றல் ஓரளவுதான். 1972 ஆகஸ்டில் அப்படி ஒரு பெரும் புயல் அடிச்சது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பிடுச்சு, அப்போலோ 17 டிசம்பரில்தான் கிளம்புச்சு. நடுவுல அடிச்ச புயல் அது. அந்த நேரம் யாராவது நிலவில் வெறும் விண்வெளி உடையோட நின்னிருந்தா, கடுமையான கதிர்வீச்சு நோயில் படுத்திருப்பாங்க. அன்னைக்கு மனிதர்களைக் காப்பாத்தினது எந்தப் பொருளும் இல்லை, காலண்டர்தான்.

மூணாவது, பால்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர். எண்ணிக்கை குறைவு, ஆனா நிக்காம தூறிக்கிட்டே இருக்கும் சாரல் மாதிரி. இதில் சுமார் 87 சதவீதம் புரோட்டான், 12 சதவீதம் ஹீலியம் அணுக்கரு, மிச்சம் ஒரு சதவீதம் அதைவிடக் கனமானவை. அந்த ஒரு சதவீதத்தைக் குறைச்சு எடை போடாதீங்க. ஒரு துகள் உடம்பில் கொட்டும் ஆற்றல் அதன் மின்னூட்டத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். இரும்பு அணுக்கருவின் மின்னூட்டம் 26. அப்போ அதே வேகத்தில் போகும் புரோட்டானைவிட 676 மடங்கு!

இப்போ தடுக்கறதுக்கு வருவோம். 100 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள புரோட்டான் தண்ணியில் சுமார் 7.7 செ.மீ போனதும் நின்னுடும். சூரியப் புயலில் பெரும்பகுதி இந்த ரகம், இல்லாட்டி இதுக்குக் கீழே. ஆனா 1,000 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் நிக்கறதுக்கு மூணு மீட்டருக்கு மேல தண்ணி வேணும். காஸ்மிக் கதிரில் இது சர்வசாதாரணம். அதாவது சூரியப் புயலைச் சுவரால் தடுக்கலாம். காஸ்மிக் கதிரைச் சுவரால் முழுசாத் தடுக்கவே முடியாது, குறைக்கத்தான் முடியும்.

ஈயம் ஏன் வேண்டாம்?

எக்ஸ்-ரே என்பது ஒளி ரகம். அதை விழுங்க அணு எண் கூடக்கூட நல்லது. அங்கே ஈயம் ராஜா. ஆனா விண்வெளியில் வர்றது பெரும்பாலும் மின்னூட்டம் உள்ள துகள்கள். அவை பொருளுக்குள்ள நுழைஞ்சு, வழியில் இருக்கும் எலக்ட்ரான்களை இடிச்சு இடிச்சுத்தான் வேகத்தை இழக்கும். அப்போ ஒரு கிராமில் எத்தனை எலக்ட்ரான் இருக்குங்கறதுதான் முக்கியம். அணு எண்ணை அணு நிறையால் வகுத்தா போதும், பிளஸ் டூ கணக்குதான்.

ஈயம்: 82-ஐ 207-ஆல் வகுத்தால் 0.40.
அலுமினியம்: 13-ஐ 27-ஆல் வகுத்தால் 0.48.
தண்ணீர்: 10-ஐ 18-ஆல் வகுத்தால் 0.56.
பாலிஎத்திலீன்: 8-ஐ 14-ஆல் வகுத்தால் 0.57.
ஹைட்ரஜன்: 1-ஐ 1-ஆல் வகுத்தால் 1.

பார்த்தீங்களா? ஒரே எடைக்கு ஈயம்தான் கடைசி. காரணம் ஈயத்தின் எடையில் பெரும்பகுதி நியூட்ரான். கவசத்தில் அது வெட்டிச் சுமை. ஹைட்ரஜனில் நியூட்ரானே கிடையாது. சுமக்கிற எடை முழுக்க வேலைக்கு ஆகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேகமா வரும் அணுக்கரு கவசத்தில் இருக்கும் அணுக்கருவோடு மோதினா ரெண்டும் உடையும். ஈயம் மாதிரி பெரிய அணுக்கரு உடைஞ்சா நியூட்ரான்கள் தெறிக்கும். வெளியே ஒரு துகள் வந்தது, உள்ளே பத்து துகள் போகுது. கல்லெறிக்குத் தப்பிக்க ஓட்டு வீட்டுக்குள்ள ஓடினா, கல்லோட ஓட்டுச் சில்லும் சேர்ந்து தலையில விழுற கதை. அலுமினியத்திலும் ஓரளவு இது நடக்கும். அதனால்தான் ஒரு அளவுக்கு மேல் அலுமினியத்தைக் கூட்டிக்கிட்டே போனாலும் காஸ்மிக் கதிரின் டோஸ் பெருசாக் குறையறதில்லை.

ஹைட்ரஜன் அணுக்கருவோ ஒத்தை புரோட்டான். உடையறதுக்கு அதில் எதுவும் இல்லை. வர்ற பெரிய அணுக்கருவை அது உடைக்கும், தான் சில்லாகாது. தெறிச்சு வரும் நியூட்ரானை நிறுத்தறதிலும் அதுதான் கெட்டி. கேரம் விளையாடினவங்களுக்கு இது புரியும். ஒரு காயினைச் சுண்டி, சும்மா நிக்கற இன்னொரு காயினில் நேரா அடிச்சா, அடிச்ச காயின் நின்னுடும், அடிபட்டது ஓடும். அதே காயினை ஓரக் கட்டையில் அடிச்சா வேகம் குறையாம திரும்பி வரும். நியூட்ரானுக்கு ஹைட்ரஜன் சம எடைக் காயின். ஈயம் ஓரக் கட்டை.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்கறாங்க?

தூய ஹைட்ரஜன்தான் முதலிடம்னா அதையே வச்சுக்கலாமே? திரவ ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253 டிகிரி வேணும். அடர்த்தி தண்ணியில் பதினாலில் ஒரு பங்கு. இடத்தை அடைச்சுக்கும், தீப்பிடிக்கும். சுவராக் கட்ட முடியாது. அதனால் ஹைட்ரஜனை அதிகமாப் பிடிச்சு வச்சிருக்கற திடப்பொருளைத் தேடணும்.

முதல் பெயர் பாலிஎத்திலீன். நம்ம தண்ணிக் குடமும் கேரி பேக்கும் செய்யற அதே குடும்பம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தூங்கும் அறைகளில் பாலிஎத்திலீன் பலகைகளைச் சுவரில் பதிச்சிருக்காங்க. தூங்கற இடத்தில் ஏன்? ஒரு நாளில் மனுஷன் ஒரே இடத்தில் அதிக நேரம் இருக்கறது அங்கதான். கம்மி எடையில் அதிகப் பலன்.

இதுக்கும் குறை இருக்கு. வலிமை குறைவு, வெப்பம் தாங்காது. கலத்தின் எலும்புக்கூடாக இதை வைக்க முடியாது. அலுமினியச் சட்டத்துக்கு உள்பக்கம் ஒட்டும் லைனராகத்தான் வரும். இடமும் பிடிக்கும். 20 கிராம்/ச.செ.மீ-க்கு அலுமினியம் 7.4 செ.மீ போதும், பாலிஎத்திலீன் சுமார் 21 செ.மீ வேணும். முன்னாடி சொன்ன உருளைக்குள்ள 21 செ.மீ-ல் லைனர் போட்டால், உள்ளே இருக்கற இடத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல காலி. பொருளைத் தேர்ந்தெடுக்கறதுன்னா எடை, இடம், வலிமை, தீ, விலைன்னு எல்லாத்தையும் ஒரே தராசில் நிறுத்தறதுதான். ஒரு காலத்தை மட்டும் பார்த்து முதல் ரேங்க் கொடுக்க முடியாது.

ரெண்டாவது தண்ணீர். எப்படியும் குடிக்கக் கொண்டு போகணும். அதை ஒரு மூலையில் தொட்டியா வைக்காம, சுவர் ஓரமாப் பைகளில் பரப்பினா கவசம் இலவசம்.

மூணாவது சோறு! சாப்பாட்டிலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன்தானே. நாலு பேர், 180 நாள், ஒரு ஆளுக்குத் தினம் பொட்டலத்தோட 2 கிலோன்னு வச்சா மொத்தம் 1,440 கிலோ. 2 மீட்டருக்கு 2 மீட்டர், உயரம் 1.5 மீட்டர் உள்ள ஒரு சின்ன அறையைச் சுத்தி அதை அடுக்கினா, 7 கிராம்/ச.செ.மீ-க்கு மேல கிடைக்கும். நாள் போகப்போகச் சாப்பிட்டுத் தீர்த்துட்டா சுவர் மெலிஞ்சுடாதா? அதுக்கும் யோசிச்சிருக்காங்க. குப்பையைச் சூடாக்கி அழுத்தி ஓடு மாதிரி ஆக்கும் இயந்திரத்தை நாசா சோதிச்சுப் பார்த்திருக்கு. தின்ன பொட்டலத்தின் இடத்தில் குப்பை ஓடு வந்து உக்காந்துக்கும்.

இதுதான் 'புயல் அறை' யோசனை. கலம் முழுக்கக் கவசம் போட முடியாது. நடுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும் பலமாக்கு. புயல் வந்தா எல்லாரும் அதுக்குள்ள நெருக்கி உக்காரு. நாசாவின் ஓரியன் கலத்தில், புயல் நேரத்தில் வீரர்கள் சாமான் பைகளை அடுக்கித் தங்களுக்குப் பாதுகாப்பு செஞ்சுக்கற மாதிரிதான் வடிவமைப்பு.

2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ்-1 ஆளில்லாமல் நிலவைச் சுத்தப் போனப்போ, ஹெல்கா, ஸோஹர்னு ரெண்டு பெண் பொம்மைகளை உக்கார வச்சு அனுப்பினாங்க. உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு மானிகள். ஸோஹருக்கு மட்டும் பாலிஎத்திலீன் வகையில் செஞ்ச கவச அங்கி போட்டிருந்தாங்க. அந்தப் பயணத்தில் இன்னொரு பாடமும் கிடைச்சது. வான் ஆலன் பட்டையைக் கடக்கும்போது கலம் திசை திரும்பியதும், உள்ளே ஒரு இடத்தில் டோஸ் வேகம் பாதியாகக் குறைஞ்சது. புதுசா ஒரு கிராம்கூட சேர்க்கல, இருக்கற எடையை எந்தப் பக்கம் காட்டறோம் என்பதுதான் மாறினது.

புயல் அறை வேலை செய்யணும்னா முன்னறிவிப்பு வேணும். பெரியகுளத்துலருந்து நிமிர்ந்து பார்த்தா தெரியும் கொடைக்கானல் மலையில் 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம் நூறு வருஷத்துக்கும் மேலா சூரியனைப் படம் பிடிச்சு வச்சிருக்கு. 2023 செப்டம்பரில் கிளம்பின ஆதித்யா-எல்1 இப்போ 15 லட்சம் கி.மீ தள்ளி நின்னு அதே சூரியனைப் பார்த்துக்கிட்டு இருக்கு.

நம்ம வீரர்களுக்கு?

ககன்யான் திட்டம் மூணு பேரை 400 கி.மீ உயரத்துக்கு மூணு நாள் அனுப்பறது. அந்த உயரத்தில் காற்று கிட்டத்தட்ட இல்லை. ஆனா பூமியின் காந்தப்புலம் இருக்கு, வானத்தில் ஒரு பகுதியைப் பூமியே மறைச்சும் நிக்குது. விண்வெளி நிலையத்தில் ஒரு நாளைக்குச் சராசரியா அரை மில்லிசீவர்ட்டிலிருந்து ஒரு மில்லிசீவர்ட் வரைக்கும் வாங்கறாங்க. தரையில் இயற்கையா நமக்குக் கிடைக்கறது உலகச் சராசரியில் வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். மூணு நாள் பயணம்னா பயப்பட ஒண்ணுமில்லை.

காந்தக் கவசம் எங்கே பலமா இருக்கு தெரியுமா? நம்ம தலைக்கு மேலதான். காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டிப் போகுது. ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்துக்கு நேர் மேலே, சுமார் 16 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உள்ள புரோட்டான் செங்குத்தா உள்ளே வரவே முடியாது. துருவப் பக்கம் இந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

சிக்கல் அதுக்கு அப்புறம்தான். 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்பது நாட்டின் இலக்கு. நிலவுக்குப் போனா காந்தக் குடையும் போச்சு. செவ்வாய்க்குன்னா இன்னும் மோசம். கியூரியாசிட்டி ஊர்தி 2011-12-ல் செவ்வாய்க்குப் போற வழியிலேயே அளந்த கணக்குப்படி, போக 180 நாள், வர 180 நாள், பயணத்துக்கு மட்டும் சுமார் 660 மில்லிசீவர்ட். நாசா தன் வீரர் ஒருத்தருக்கு வாழ்நாள் முழுக்க அனுமதிக்கறது 600. செவ்வாயில் கால் வைக்கிற கணக்கு இதில் சேரவே இல்லை. நல்ல பொருளைக் கண்டுபிடிக்காம, இல்லாட்டி பயணத்தைச் சுருக்காம, இந்தக் கணக்கு உதைக்கும்.

மறுபடியும் மலைக்குள்ள

நிலவில் தங்கணும்னா பாலிஎத்திலீனை மூட்டை கட்டிக் கொண்டு போக முடியாது. அங்கேயே கிடைக்கறதை வச்சுத்தான் வீடு. அங்கே கிடைக்கறது மண்ணும் பாறையும். எடைக்கு எடை பார்த்தா அது சுமாரான கவசம்தான். ஆனா நாம தூக்கிப் போக வேண்டியதில்லையே! அப்போ தராசே மாறிடுது. மீட்டர் கணக்கில் குவிச்சுக்கலாம்.

இதில் நம்ம ஊர்ப் பங்கும் உண்டு. நிலவு மண் மாதிரியே மண் செய்ய இஸ்ரோ எடுத்துக்கிட்டது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறை. அந்த 'அனார்த்தசைட்' பாறையை இடிச்சு அரைச்ச மண்ணில்தான் சந்திரயான் ஊர்திகளை ஓட்டிப் பார்த்தாங்க. சந்திரயான்-1 எடுத்த படங்களை அலசின அகமதாபாத் இஸ்ரோ ஆய்வாளர்கள், நிலவில் ஒரு கி.மீ-க்கும் நீளமான எரிமலைக் குகை ஒண்ணு இடியாம இருக்குன்னு சொன்னாங்க. எரிமலைக் குழம்பு ஓடி வடிஞ்ச வெற்றுக் குழாய். மேலே கூரையாகப் பாறை. வருங்காலத்தில் ஆட்கள் தங்க ஏத்த இடமா அதைக் காட்டறாங்க. ஆக, கடைசியில் மனுஷன் நிலவுக்குப் போயும் மலைக்குள்ளதான் ஒளிஞ்சுக்கப் போறான்.

அப்பத்தா கேள்விக்கு மறுபாதி

அம்பரப்பர் மலைக்குள்ள குகை வெட்டும் வேலை தொடங்கவே இல்லை. 2015-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வச்சது. மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கி.மீ தூரத்துக்குள் இருப்பது ஒரு காரணம். 2018-ல் மறுபடி அனுமதி வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு, இது புலிகள் நடமாடும் மலைத்தொடர், அனுமதிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிடுச்சு.

இதுல ரெண்டு கேள்வியைக் குழப்பிக்கக் கூடாதுன்னு இப்போ எனக்குப் புரியுது. "அங்கிருந்து கதிர்வீச்சு வருமா?" என்பது இயற்பியல் கேள்வி. வராது. அந்தக் கருவி எதையும் வெளியே விடறதில்லை, வானத்துலருந்து வரும் நியூட்ரினோவைக் காத்திருந்து பிடிக்கத்தான் பார்க்குது. அந்த நியூட்ரினோ கருவி இருந்தாலும் இல்லாட்டியும் நம்ம உடம்பு வழியாப் போய்க்கிட்டேதான் இருக்கும். ஆனா "மலையை வெடி வச்சுக் குடையலாமா? வெட்டின கல்லை எங்கே கொட்டறது? தண்ணி என்னாகும்? புலி எந்தப் பக்கம் போகும்?" என்பது வேற கேள்வி. முல்லைப் பெரியாறு தண்ணியை நம்பித் திராட்சைப் பந்தலும் வாழையும் போட்டிருக்கற பள்ளத்தாக்குக்காரங்க அதைக் கேட்டது தப்பே இல்லை. முதல் கேள்விக்குப் பதில் தெரிஞ்சவங்க ரெண்டாவது கேள்வியை இளக்காரமாப் பார்க்கக் கூடாது. ரெண்டாவதைக் கேக்கறவங்க முதலாவதுக்குப் புரளியைப் பதிலா வச்சுக்கவும் கூடாது.

அதோட, மலைக்கு மாற்று இருக்கான்னும் விஞ்ஞானிகள் தேடறாங்க. மதுரையில் 85 டன் எடையில் அதே கருவியின் குட்டி வடிவம் தரைமட்டத்திலேயே ஓடுது. அதைச் சுத்தி பிளாஸ்டிக் சின்டிலேட்டர் பட்டைகளால் ஒரு வேலி. மியூவான் நுழைஞ்சா அந்தப் பட்டை மினுங்கிக் காட்டிக் கொடுத்துடும், அந்தப் பதிவைத் தள்ளிடலாம். 10,000 மியூவானில் 9,999-ஐ இப்படிப் பிடிச்சுட்டா, 1 கி.மீ பாறைக்குப் பதிலா 100 மீட்டர் பாறையே போதும் என்பது கணக்கு. 100 மீட்டர் பாறை நூறில் ஒண்ணாக் குறைக்கும், வேலி பத்தாயிரத்தில் ஒண்ணாக் குறைக்கும். பெருக்கினா அதே பத்து லட்சம். தடுக்க முடியாததை அடையாளம் கண்டு ஒதுக்கறதும் ஒரு கவசம்தான். பாவம், மனுஷ உடம்புக்கு அந்த வசதி கிடையாது. விழுந்த அடியைப் பதிவிலிருந்து அழிக்க முடியாது. அதனால்தான் விண்கலத்துக்கு நல்ல பொருளைத் தேடியே ஆகணும்.

அசைன்மென்ட்டைத் திருத்திக் கொடுத்துட்டேன். ஈயத்தை அடிச்சுட்டு, "உறங்குமிடத்தில் பாலிஎத்திலீன், சுவரோரம் தண்ணீர், புயல் அறையைச் சுற்றி உணவு மூட்டை, நிலவில் இறங்கிய பின் அங்குள்ள மண்"ன்னு எழுதினேன். லீவுக்கு ஊருக்குப் போனப்போ அப்பத்தாகிட்டயும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப அம்புட்டு ஒசரத்துக்குப் போறவுகளுக்கும் தண்ணியும் சோறும்தான் காவலாய்யா?"ன்னாங்க.

ஆமா அப்பத்தா. அதுதான் காவல்.

நண்பர்களே, கடைசியா ஒரு வீட்டுப்பாடம். உங்க ஹாஸ்டல் ரூமின் நீள அகலத்தை அளங்க. சுவர், கூரை, தரை எல்லாத்துக்கும் 20 கிராம்/ச.செ.மீ தண்ணிப் பை மாட்டினா எத்தனை டன் வருதுன்னு கணக்குப் போடுங்க. வர்ற விடையை 8 டன்னால் வகுத்தா, உங்க ஒரு ரூமை விண்வெளிக்கு அனுப்ப எத்தனை எல்.வி.எம்-3 வேணும்னு தெரிஞ்சுடும். விடையை அடுத்த இதழுக்குள்ள அனுப்புங்க!